பின் ட்ரம்மை டிஸ்க்காக மாற்றுவது: மலைப்பாதையில் ஓடும் பழைய காருக்கு ஒரு வழிகாட்டி

பின் சக்கர ட்ரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: "இப்போது உங்கள் ஹேண்ட்பிரேக் எப்படிப் பிடிக்கிறது?" கொழும்பில் ஹேண்ட்பிரேக் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சமாளித்துவிடலாம். தலவாக்கலையிலும் அப்புத்தளையிலும் வீட்டு வாசலே சரிவு. பாண் வாங்கக் கடையில் இறங்கும் ஐந்து நிமிடத்துக்கும் கார் நிற்பது ஹேண்ட்பிரேக்கின் பலத்தில்தான். அந்த ஹேண்ட்பிரேக் இருப்பது பின் ட்ரம்முக்குள். ட்ரம்மைக் கழற்றும்போது அதையும் சேர்த்தே கழற்றுகிறோம். இதை யோசிக்காமல் டிஸ்க்கும், இரு பக்கமும் பேட் வைத்து அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரும் வாங்கிப் போட்டவர்கள், பிறகு நிறுத்தும் இடமெல்லாம் சக்கரத்துக்குக் கல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னுடையது 1982ஆம் ஆண்டுக் கொரோலா, கேஈ70. 1,290 சிசி எஞ்சின், முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். ஹட்டனில் எனக்குத் தெரிந்த ஒரு பாஸின் (மெக்கானிக்கின்) கராஜில், அவர் சொல்லித்தர, என் அக்கா மகன் கூட நிற்க, பின் பக்கத்தை டிஸ்க்காக மாற்றினோம். இந்த வேலையை முதன்முறை தொடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிரேக் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை முடிக்கப் பார்க்க வேண்டாம்.

உண்மையில் தேவைதானா?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்கியிருப்போம். நாலு பேரும் சாமானுமாக 1,100 கிலோ வரும் ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 45 லீட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்குகிறது. நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஏழு உயிர்கள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்துவிடவில்லை. அந்த ரோட்டில் இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ட்ரம் சூடானால் விரிகிறது. விரிய விரிய, உள்ளிருந்து அதில் அழுத்தும் ஷூவைவிட்டு விலகுகிறது. பெடல் கீழே கீழே போகிறது. டிஸ்க் சூடானால் தடிக்கிறது, அதாவது பேட்டின் பக்கமாகவே வருகிறது. ட்ரம் மூடிய பானை, சூடு வெளியேற நேரமெடுக்கும். டிஸ்க் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரோட்டில் ஓடும் தண்ணீரைக் கடந்தபின் ட்ரம்முக்குள் புகுந்த ஈரம் காயக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்; டிஸ்க்கில் இருக்கும் ஈரத்தைப் பேட் சில சுற்றுகளில் துடைத்துவிடும். டிஸ்க்கின் பக்கம் சொல்ல இவ்வளவும் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாகச் சாய்கிறது. வேலையின் பெரும்பங்கைச் செய்வது முன் சக்கரங்கள்தான். ஆகவே முன்னாலும் ட்ரம் இருக்கும் கார் என்றால் பின்னைத் தொடவே வேண்டாம், முன்னை மாற்றுங்கள். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். 1962இல் மைனருக்கு 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் ட்ரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். பின் ட்ரம்மை 7 அங்குலத்திலேயே விட்டார்கள். காரைச் செய்தவர்களே எந்தப் பக்கத்தை முதலில் பலப்படுத்தினார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

முன்னால் டிஸ்க் இருந்தாலும், முதலில் உங்கள் பின் ட்ரம்மைத் திறந்து பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்திருக்கலாம். அக்சல் ஒயில் சீல் போய், டிஃபரன்ஷல் ஒயில் ஷூவில் ஊறியிருக்கலாம். ட்ரம்மில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருக்கலாம். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் அதைச் சரிசெய்துவிட்டு ஒருமுறை ரம்பொடை இறங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அதற்கப்புறமும் பாதி இறக்கத்தில் பெடல் தாழ்கிறதென்றால் மேலே படியுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை முதலில் தீர்மானியுங்கள்

பின் டிஸ்க்கில் ஹேண்ட்பிரேக் மூன்று விதமாக வரும். முதல் விதத்தில் காலிப்பரின் முதுகில் ஒரு லீவர் இருக்கும். கேபிள் இழுத்தால் உள்ளே இருக்கும் திருகு பிஸ்டனைத் தள்ளி, கால் பிரேக்குக்குரிய அதே பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். இரண்டாவது விதத்தில் டிஸ்க்கின் நடுவில் தொப்பி போலிருக்கும் பகுதியின் உட்புறமே ஒரு சின்ன ட்ரம். அதற்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்று இரண்டு குட்டி ஷூ. மூன்றாவது, கேபிளால் மட்டும் இயங்கும் தனிச் சின்னக் காலிப்பர்.

மூன்றாவதை மலைநாட்டில் ஓடும் காருக்கு நான் சொல்லமாட்டேன். பேட் சிறியது, அடிக்கடி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் விதம் பொருத்த எளிது, பழைய சாமான் கடைகளில் கிடைப்பதும் அதுதான் அதிகம். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நீண்ட இறக்கம் இறங்கி வந்து, டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும்போது டீ குடிக்க நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறீர்கள். அந்த நேரம் டிஸ்க்கும் பேட்டும் சூட்டில் தடித்திருக்கின்றன. நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அவை ஆறிச் சுருங்குகின்றன. கேபிள் இழுத்த இடத்திலேயே நிற்கிறது, பேட்டின் பிடியோ தளர்ந்துவிடுகிறது. ஆளில்லாத கார் உருளத் தொடங்கும்.

குட்டி ட்ரம் இதற்கு நேர்மாறு. ஆறும்போது ட்ரம் சுருங்கி ஷூவின்மேல் இன்னும் இறுகிக்கொள்ளும். அதோடு கால் பிரேக்கின் சூடு ஷூவுக்கு அவ்வளவாகப் போவதுமில்லை. எனவே என் தெரிவு இரண்டாவது விதம். அதைப் பொருத்த வேலை கூடுதல், லேத் செலவும் கூடுதல். இருந்தாலும் சரிவில் வாழ்கிறவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. முதல் விதத்தையே போடுகிறீர்கள் என்றால், சூடாக நிறுத்தும்போது கியரில் போட்டு, முன் சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, கட்டையும் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஹேண்ட்பிரேக்கை இன்னொருமுறை இழுங்கள்.

அளவெடுப்பது

இந்த வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பார்ட்ஸ் வாங்கப் போகுமுன் ஒரு பக்கச் சக்கரத்தையும் ட்ரம்மையும் கழற்றி, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: சக்கர நட் துளைகளின் வட்ட விட்டம் (கேஈ70இல் 4 துளை, 114.3 மில்லிமீட்டர்), நடுத்துளையின் விட்டம், அக்சல் ஃபிளேஞ்சிலிருந்து பேக் பிளேட் (ஷூக்களைத் தாங்கும் தட்டு) வரை உள்ள தூரம், பேக் பிளேட்டைப் பிடிக்கும் நாலு போல்ட்டுகளின் இடைவெளி. வேர்னியர் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். கண்மதிப்பில் எடுத்த அளவு லேத்தில் உதவாது.

அடுத்தது சக்கரத்தின் உள் இடம். 13 அங்குல ரிம் என்றால் டிஸ்க்கும் அதற்கு வெளியே நீட்டும் காலிப்பரும் ரிம்முக்குள் அடங்க வேண்டும். காலிப்பரின் வடிவத்தைத் தடித்த காட்போட் மட்டையில் வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். டிஸ்க்கின் தொப்பித் தடிப்பு பழைய ட்ரம்மின் முகத்தைவிட அதிகமென்றால் சக்கரம் அவ்வளவுக்கு வெளியே தள்ளும். அப்போது மட்கார்ட்டில் உரசுகிறதா, ஸ்டட்டின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட் அதில் ஏறியிருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் 12 மில்லிமீட்டர்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். பல பழைய கார்களில் பேக் பிளேட் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அக்சல் குழாயின் ஃபிளேஞ்சுக்கும் பெயாரிங்கைப் பிடித்துவைக்கும் தட்டுக்கும் நடுவில் அது சாண்ட்விச் போல இருக்கும். அதன் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். அதை எடுத்துவிட்டு 10 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்த காலிப்பர் பிராக்கெட்டை அதே இடத்தில் வைத்தால், பெயாரிங் பிடிக்கும் அளவு மாறிவிடும். பெயாரிங்குக்கு ஆட்டம் வந்தால் அக்சலே வெளியே நழுவலாம். பிராக்கெட்டின் நடுப்பகுதியை லேத்தில் குடைந்து, பழைய பேக் பிளேட்டின் தடிப்புக்கே கொண்டுவர வேண்டும். லேத்காரரிடம் பழைய பேக் பிளேட்டையும் கையில் கொடுத்து, "இந்தத் தடிப்பு நூல் பிசகக்கூடாது" என்று சொல்லுங்கள்.

பார்ட்ஸ்

பழைய பார்ட்ஸ் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் காலிப்பர் ஒரு காரினது, டிஸ்க் இன்னொன்றினது, கேபிள் மூன்றாவதினது என்று வாங்கிவிடாதீர்கள். பின் டிஸ்க்கோடு வந்த ஒரே காரிலிருந்து டிஸ்க், காலிப்பர், காலிப்பர் பிடிக்கும் தாங்கி, குட்டி ஷூவோடு பேக் பிளேட், கேபிள் எல்லாம் ஒரு செட்டாக எடுங்கள். கேஈ70க்கு இன்னொரு வழியும் உண்டு. ஏஈ86 கொரோலாவின் சில மாடல்களில் பின் டிஸ்க் தொழிற்சாலையிலேயே வந்தது. அந்த அக்சல் முழுதாகக் கிடைத்தால் லேத் வேலை வெகுவாகக் குறையும். இங்கே அது கையில் மாட்டுவது அரிது.

பழைய காலிப்பர் வாங்கலாம். அதன் ரப்பரை நம்பக்கூடாது. பிஸ்டனை வெளியே எடுத்து, துரு பிடித்துக் குழி விழுந்திருந்தால் மாற்றி, சீலும் டஸ்ட் கவரும் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட், ஹோஸ், குட்டி ஷூ மூன்றும் கட்டாயம் புதியவை. பிராக்கெட்டுக்கு 10.9 என்று தலையில் பொறித்த போல்ட் போடுங்கள். காலிப்பர் தாங்கியை அக்சலில் வெல்டிங் செய்து பிடிப்பித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பைப் நட்டின் திரெட் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய இங்கிலாந்துக் கார்களில் 3/8 அங்குல யூஎன்எஃப், ஜப்பான் காலிப்பரில் பொதுவாக 10 மில்லிமீட்டர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 9.5 மில்லிமீட்டர் நட்டு 10 மில்லிமீட்டர் துளைக்குள் ஏறுவது போலவும் இறுகுவது போலவும் காட்டும். அழுத்தம் வரும்போது பிய்த்துக்கொண்டு வரும். ஒன்று ஒன்றில் சேராவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாமல், இரு முனையிலும் அதற்கதற்கு உரிய நட்டோடு புதிய பைப் செய்வியுங்கள். ஃபிளேர் முனையின் வடிவமும் பொருந்த வேண்டும்.

ஒயிலின் கணக்கு

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ¾ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக வரும் காலிப்பரின் பிஸ்டன் 34 மில்லிமீட்டர் என்றால், அதன் முகப்பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். பேட் நகரும் தூரம் குறைவாக இருந்தாலும் கூடுதல் ஒயில் தேவைப்படும், பெடல் முன்பைவிடத் தாழ்ந்துதான் பிடிக்கும். உடனே பெரிய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) போட்டால் பெடல் உயரும், கால் வலிக்கும். ¾ அங்குலத்திலிருந்து 7/8 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே பிடிக்கு அவ்வளவு கூடுதலாக மிதிக்க வேண்டும். முதலில் இருக்கும் மாஸ்டரோடு போட்டுப் பாருங்கள். பெடல் பாதிக்குக் கீழே போனால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். உங்கள் கார் ஒரே சர்கிட்டில் நாலு சக்கரமும் இயங்கும் பழைய வகை என்றால், முன், பின் என்று இரண்டாகப் பிரியும் மாஸ்டருக்கு மாற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சர்வோ பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றழுத்தத்தின் பலத்தில் இயங்குகிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கம்பளையில் மென்மையாக இருந்த பெடல் மேலே கொஞ்சம் கனப்பது பழுதல்ல.

ட்ரம்முக்கென்று செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களுக்குள் ஒரு சின்ன வால்வ் இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தை அது வைத்திருக்கும், வீல் சிலிண்டர் சீல்கள் காற்றை உறிஞ்சாமலிருக்க. டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், ஹப் கொதிக்கும். பின் லைனுக்குரிய அந்த வால்வை எடுத்துவிட வேண்டும். மொறிஸ் மைனர் போல மாஸ்டர் தரைக்கடியில் இருக்கும் கார்களில் ஒயில் காலிப்பரிலிருந்து பின்வாங்கக்கூடும். அவற்றுக்கு 2 பிஎஸ்ஐ வால்வ் தனியாகக் கிடைக்கிறது.

பின் லைனில், பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு பிரபோர்ஷனிங் வால்வும் வேண்டும், திருகிச் சரிசெய்யக்கூடியது. காரில் ஏற்கெனவே நிலையான ஒன்று இருந்தால் அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்காதீர்கள். பின் சக்கரம் முன்னதற்கு முந்திப் பூட்டிக்கொண்டால் காரின் வால் சுழன்றுவிடும். ஈர ரோட்டில், தேயிலைச் சரிவின் ஓரத்தில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றுவது

சமதரை தேடுங்கள், சிமெண்ட் தரையாக இருந்தால் நல்லது. பின் சக்கரத்தைத் தூக்கியதும் ஹேண்ட்பிரேக்குக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், அக்சல் குழாய்க்கடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பழைய ஷூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ட்ரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதுவது நம் கராஜ்களில் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் அப்பால் அனுப்புங்கள்.

பைப் நட்டைத் திறக்க சாதாரண ஸ்பேனர் போட்டால் மூலை உருண்டுவிடும். பைப் நட்டுக்கென்றே உள்ள, வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். முந்திய நாள் இரவே துரு நீக்கும் ஒயில் அடித்து வையுங்கள். திறந்த பைப் முனையை உடனே ரப்பர் மூடியால் அடையுங்கள். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அக்சலை வெளியே இழுக்க வேண்டிய கார் என்றால் ஒயில் சீலையும் அதோடு மாற்றிவிடுங்கள். பெயாரிங்கைப் பிடிக்கும் வளையத்தை ஒருமுறை வெட்டி எடுத்தால் திரும்பப் போடக்கூடாது, புதியதை பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

பொருத்துவது

பிராக்கெட்டும் பேக் பிளேட்டும் ஏறிய பின், குட்டி ஷூ டிஸ்க்கின் உட்குழியில் சரியாக நடுவே, சரியான ஆழத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசினால் பிராக்கெட்டின் மையம் பிசகியிருக்கிறது. லேத்துக்குத் திரும்பிக் கொண்டுபோங்கள். டிஸ்க்கை நட்டால் இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஃபிளேஞ்சில் துருவோ அழுக்கோ இருக்கும். சுத்தம் செய்து மீண்டும் பாருங்கள்.

பிறகு காலிப்பர். காலிப்பரின் நடுவில் டிஸ்க் ஓட வேண்டும், ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். உள்ளே சிக்கிய காற்றை வெளியே விடும் எயார் நிப்பிள் கட்டாயம் மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பரையும் வலது காலிப்பரையும் மாற்றிப் போட்டால் காலிப்பர் அழகாகப் பொருந்தும், ஆனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும். நாங்கள் செய்த தவறு இதுதான். அரை நாள் எயார் எடுத்தோம். அக்கா மகன் பெடலில் இருந்தபடி, "மாமா, இன்னமும் பஞ்சு மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். பாஸ் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு காலிப்பரையும் கழற்றச் சொன்னார். இடம் மாற்றிப் போட்டதும் பதினைந்து நிமிடத்தில் பெடல் கல்லானது.

முதல் விதக் காலிப்பர் என்றால் பிஸ்டனை அமுக்கி உள்ளே தள்ள முடியாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். தெரியாமல் ஜி கிளாம்ப் போட்டு இறுக்கினால் உள்ளிருக்கும் திருகு உடையும்.

அக்சலிலிருந்து காலிப்பருக்குப் போகும் சின்ன ஹோஸ் எதிலும் உரசக்கூடாது, முறுகக்கூடாது. கேபிள் நீளம் சரியாக வராவிட்டால் முடிச்சுப் போட்டுச் சமாளிக்காமல், அளவு கொடுத்துப் புதிதாகச் செய்வியுங்கள். லீவரை இழுக்கும்போது ஐந்தாறு கிளிக்கில் இறுக வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கிறதா என்று தூக்கிய நிலையிலேயே சுற்றிப் பாருங்கள்.

எயார் எடுப்பது

டொட் 4 ஒயில், முத்திரை உடைக்காத புதிய போத்தல். டொட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகையிலும், தண்ணீர் உறிஞ்சிய பிறகு 140 பாகையிலும் கொதிக்கலாம். டொட் 4க்கு அந்த அளவுகள் 230, 155. பிரேக் ஒயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். திறந்து வைத்த பாதிப் போத்தலை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள். டொட் 5 சிலிக்கன் வேறு வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது.

தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், மாஸ்டரும் பொதுவாக அந்தப் பக்கம். ஆகவே இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் ஊற்றிய போத்தலில் அமிழ்த்துங்கள். "அழுத்து" என்றால் பெடலில் இருப்பவர் மெதுவாக அழுத்த வேண்டும். "பிடிச்சிரு" என்றதும் நிப்பிளைத் திறந்து குமிழி வருவதைப் பார்த்து மூடுங்கள். மூடிய பிறகுதான் "விடு". இந்த மூன்று வார்த்தையில் குழப்பம் வந்தால் காற்று திரும்ப உள்ளே போகும். ஐந்தாறு முறைக்கு ஒருதடவை மாஸ்டரில் ஒயில் ஊற்றுங்கள்.

சோதனை

எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு முழு பலத்தோடு பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். கொஞ்சம்கூடத் தாழக்கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். சர்வோ இருந்தால், பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யும்போது பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். பெடலை விட்டதும் சக்கரம் கையால் சுற்ற வேண்டும்.

பேட் டிஸ்க்கில் படிய, வாகனம் குறைந்த விடிகாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள். எட்டுப் பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆற விட்டு. சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள்.

பிரபோர்ஷனிங் வால்வைச் சரிசெய்யச் சமமான, ஆளில்லாத ஓர் இடம் வேண்டும். மலையகத்தில் அதைத் தேடிக் கொஞ்ச தூரம் போகவேண்டியிருக்கும், பரவாயில்லை. தரை காய்ந்திருக்க வேண்டும், காரில் ஓட்டுநர் மட்டும். ஈரத் தரையில் பிடி குறைவு, பாரம் முன்னால் அதிகம் சாயாது. அங்கே சரியாகத் தெரியும் அளவு காய்ந்த தரையில் பின்னுக்கு அதிகமாகிவிடும். வால்வைப் பின்னுக்குக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள். 40 கிலோமீட்டரில் அழுத்திப் பிடியுங்கள். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே தூர நிற்பவர் பார்க்கட்டும். அரைத் திருகு திருகாகக் கூட்டி, பின் சக்கரம் பூட்டும் இடத்துக்கு வந்ததும் ஒன்றரைத் திருகு குறைத்துவிடுங்கள். சமதரையில் சரியாக இருப்பது இறக்கத்தில் பின்னுக்கு அதிகம். அந்தக் குறைப்பு அதற்காகத்தான்.

அடுத்தது ஹேண்ட்பிரேக். நாலு பேரை ஏற்றி, உங்கள் வீட்டுக்கருகிலுள்ள மிகச் செங்குத்தான இடத்தில், ஏற்றத்தைப் பார்த்து ஒருமுறை, இறக்கத்தைப் பார்த்து ஒருமுறை நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் விடுங்கள். சக்கரத்துக்கு ஓரங்குலம் தள்ளிக் கட்டை இருக்கட்டும், காருக்குக் கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. குளிர்ந்த நிலையில் பிடித்தால் மட்டும் போதாது. ஒரு நல்ல இறக்கம் இறங்கி, சூட்டோடு நிறுத்தி, 20 நிமிடம் காரிலேயே இருந்து பாருங்கள்.

முதல் நீண்ட இறக்கத்துக்குப் பகல் நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், டிஸ்க் வந்துவிட்டதென்று மூன்றாம் கியரில் விட்டுவிடாதீர்கள். பெற்றோல் மிச்சமென்று நியூட்ரலில் எஞ்சினை நிறுத்தி இறங்கும் பழக்கம் இங்கே இன்னமும் இருக்கிறது. எஞ்சின் நின்றால் சர்வோவும் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும். பாதி வழியில் நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிடுங்கள். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பின் சக்கரம் மட்டும் தகித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் சறுக்கி நகரும் கம்பி இறுகியிருக்கும், அல்லது கேபிள் முழுதாகத் திரும்பவில்லை.

மாற்றத்தைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றைக் காரின் ஆவணங்களோடு வையுங்கள். லேத்தில் கொடுத்த அளவுகளையும் காலிப்பர் எந்தக் காரினது என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த பேட் வாங்கப் போகும்போது கடைக்காரர் கேட்பது அதைத்தான். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட், பிராக்கெட் போல்ட், ஒயில் மட்டம் மூன்றையும் பாருங்கள். புதிய கேபிள் முதல் மாதத்தில் நீளும். அப்போது ஹேண்ட்பிரேக் ஒன்பது பத்துக் கிளிக்குக்குப் போயிருக்கும், ஒருமுறை இறுக்கினால் அப்புறம் நிலையாக நிற்கும்.